கார்டில் மூன்று பெயர்

மறுபடியும் அதே பாட்டு. மேனேஜர் போனை ஸ்பீக்கரில் போட்டு டீப்பாயில் வைத்துவிட்டு, அதை முறைத்துக்கொண்டிருந்தார்.

“உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்” என்றது போன்.

“கிழிச்சுது” என்றார் மேனேஜர். வேலையிலிருந்து ஓய்வுபெற்று வருஷமாகிறது. எங்கள் கட்டிடத்தில் அவர் இன்னமும் மேனேஜர்தான்.

நான் எதிர் வீடு. அவர்கள் வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் உண்டு. வருஷத்துக்கு ஒரு வாரம் விடுமுறைக் கிளப்பின் மலை விடுதிக்கு இவர்கள் குடும்பத்தோடு போவார்கள். அப்போது பால்கனிச் செடிகளைப் பார்த்துக்கொள்வது நான். செடிகளோடு வேறு சிலதும் கண்ணில் படும். அதற்கு நான் என்ன செய்ய?

இந்த வருஷம் எந்த வாரம் என்று கேட்கத்தான் போனேன். கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். மனைவி, பையன், தங்கை என்று வீடே ஹாலில் கூடியிருந்தது; சண்டை வரும் போலிருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். மேனேஜரின் ஒரே பையனை வீட்டில் குட்டி என்பார்கள். ஆறடி உயரம், அடர்ந்த தாடி. ஆனால் கிளப் கணக்கில் அவன் இன்னும் ‘குழந்தை’. இவர்கள் உறுப்பினராகச் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்தான். அதை யாரும் மாற்றவே இல்லை. போன வருஷம் விடுதி வரவேற்பில் இருந்த பெண் வாசல் வரை எட்டிப் பார்த்து, “குழந்தை கார்லயே தூங்குதா சார்?” என்று கேட்டாளாம். குட்டி அவள் முன்னால்தான் பெட்டியோடு நின்றிருந்தான்.

இந்த வருஷம் கம்ப்யூட்டரே அந்தக் குழந்தையை ஒப்புக்கொள்ளவில்லை. பெரியவராகச் சேர்த்தால்தான் ரூம்.

சேர்த்தே ஆகவேண்டும் என்று ஒரு மாதமாக மேனேஜரைக் குடைந்தது அவர் மனைவி. அதுதான் எனக்கு ஆச்சரியம். கிளப் பேச்சு எடுத்தாலே ‘ம்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளும் அம்மா. போட்டோக்களில்கூட இருக்க மாட்டார். நீச்சல் குளத்தில் மேனேஜர், சறுக்கு மரத்தில் தாடியோடு குட்டி, ஊஞ்சலில் மேனேஜரின் தங்கை. போட்டோ எடுப்பது இந்த அம்மாவாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

கிளம்பும் காலையில் காரில் ஏறும் சாமான்களைப் பார்க்கவேண்டுமே! குக்கர், மிக்ஸி, அரிசி, பருப்பு, எண்ணெய். வீட்டைக் காலி செய்கிறார்களா என்று வாட்ச்மேன் என்னிடம் கேட்டதுண்டு. ரூமுக்குள்ளேயே கிச்சன் இருப்பதுதான் அந்தக் கிளப்பைப் பற்றி மேனேஜர் முதலில் சொல்லும் பெருமை.

பாட்டு நின்றது. ஒரு பெண் பேசினாள். மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்து பிறந்த தேதி முதல் எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

“சேர்த்துடலாம் சார். ஆனா ஒரு கார்டுல பெரியவங்க மூணு பேர்தான். உங்க கார்டுல மூணும் இருக்கு. ஒருத்தரை எடுத்தாத்தான் உங்க பையனைப் போட முடியும்.”



மூன்றாவது பெயர் யாருடையது என்று கட்டிடத்துக்கே தெரியும். மேனேஜரின் தங்கை. குட்டி கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்கள் எல்லோருக்கும் அத்தை. மேனேஜர் மனைவியை ஒரு வார்த்தை கேட்காமல் போட்ட பெயர் அது.

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. அடேயப்பா! நாத்தனாரைக் கழற்றிவிட இத்தனை வருஷம் காத்திருந்தாரா இந்த அம்மா?

அத்தைக்கும் விளங்கிவிட்டது. “என் பேரை எடுத்துடுண்ணா. நான் யாரு, ஒண்டிக்கட்டை. எங்கயாவது ஒரு மூலையில கிடந்துட்டுப் போறேன்.”

கண்ணில் தண்ணீர் இல்லை. கைக்குட்டை மட்டும் தயாராக இருந்தது.

“நீ சும்மா இரு!” மேனேஜர் மனைவி பக்கம் திரும்பினார். “இதுக்குத்தான் என்னை அரிச்சியா? வருஷத்துல ஒரே ஒரு வாரம், என் கூடப் பொறந்தவ நிம்மதியா ஊஞ்சல்ல உக்காரக் கூடாதா?”

குட்டி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான். “விடுங்கப்பா. நான் குழந்தையாவே இருந்துடறேன்.”

அந்த அம்மா நேராக டீப்பாய் அருகே வந்து போனை நோக்கிக் குனிந்தார்.

“என் பேரை எடுத்துடும்மா.”

உங்கள் போனுக்கு ஓர் ஓடிபி வரும் மேடம் என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் அம்மா எண்ணைப் படித்துவிட்டார். தினமும் வீடெல்லாம் தேடப்படும் அவருடைய போன் அன்று கையிலேயே இருந்தது.

வேண்டுமானால் விருந்தினராக வரலாமே என்றாள் அந்தப் பெண். வேண்டாம் என்றார், ரொம்ப மரியாதையாக.

லைன் கட்டானது. மேனேஜர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். நீயில்லாமல் நாங்கள் எப்படிப் போவது என்று கேட்கப்போகிறார் என நினைத்து நானே கொஞ்சம் இளகிவிட்டேன்.

“அப்ப அங்க யாரு சமைக்கிறது?”

குட்டி அத்தையைப் பார்த்தான். அத்தை கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்தார்.

அந்த அம்மா என் பக்கம் கையை நீட்டினார்.

“சாவியைக் குடுத்துடுங்கக்கா. இந்த வருஷம் செடிக்கு நானே தண்ணி ஊத்திக்கிறேன். பகல்ல வந்து கதவைத் தட்டிடாதீங்க, தூங்கிட்டிருப்பேன்.”