வேலிக்கு அந்தப் பக்கம்

"என் ஆடுகளுக்குக் குடற்புழுவே வராது. காரணம், ஜீன்!"

கண்ணாடி முன் நின்று என் கணவர் விருதுப் பேச்சை ஒத்திகை பார்த்தார். விருதுக்காக ஆடுகளைப் பரிசோதிக்கும் நிபுணர் குழு வர இன்னும் மூன்று மாதம் இருந்தது. அவர் கால்நடை மரபியல் விஞ்ஞானி. நானும் விஞ்ஞானிதான், மூலிகை ஆராய்ச்சி. அது அவருக்கு அடிக்கடி மறந்துவிடும். ஆட்டுக் கொட்டகையையே போட்டோ எடுக்க மட்டும்தான் எட்டிப் பார்ப்பார்.

"கொட்டகைக்குப் பின்னாடி காடு மாதிரி வளர்த்து வெச்சிருக்கியே, வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"அது என் ஆராய்ச்சித் தோட்டங்க."

"கஷாயம் காய்ச்சுறதுக்குப் பேரு ஆராய்ச்சியா? நாளைக்கே நடுவுல கம்பி வேலி போடறேன்."

"வேலி வேண்டாங்க. ஒண்ணு சொல்றேன், கேளுங்க..."

"இலை பறிக்கிறவ எனக்குப் பாடம் எடுக்கறியா?"

வேலி வந்தது. ஆடுகள் இளைத்தன. "வெயில்" என்றார்.

குழு வந்தது. பரிசோதித்துவிட்டுத் தலைவர் உதட்டைப் பிதுக்கினார். "வயிறு முழுக்கப் புழு."

"ஜீ..." என்று இழுத்தார் கணவர். தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"அது சரி, எல்லா ஆடும் ஏன் கம்பிக்குள்ள கழுத்தை விட்டுக்கிட்டு நிக்குது? அங்க என்னம்மா செடி?"

"குடற்புழுவுக்கு மூலிகைங்க. வேலி போடுற வரைக்கும் தினமும் அதைத்தான் மேய்ஞ்சுதுங்க."

கணவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னேன்:

"ஆட்டோட ஜீன்ல ஒரு குறையும் இல்லைங்க."