அன்பான சபையாரே

ஓய்வுபெற்ற போதகரின் கை நடுங்கியது. கோட்டுப் பொத்தானை மகள்தான் போட்டுவிட்டாள்.

"ஊர்ல பாதிப் பேருக்குக் கல்யாணம் நடத்தி வச்சவரு நீங்க. இப்பப் போய் நடுங்குறீங்களே அப்பா?"

"பழக்கம் விட்டுப்போச்சும்மா. நடுவுல முழிச்சுக்கிட்டு நின்னா, இருக்கிற மானமும் போயிடும்."

"நின்னாலும் பரவாயில்ல. பிரசங்கம் மட்டும் ஆரம்பிச்சிடாதீங்க."

ஆலயம் நிரம்பி வழிந்தது. மணப்பெண் வெள்ளை உடையில் நடந்து வருவதைக் கண்டதும் போதகருக்கு நடுக்கம் பறந்துபோனது. பீடத்தில் ஏறி, சபையைப் பார்த்துத் திரும்பி, கணீரென்று தொடங்கினார்.

"அன்பான சபையாரே..."

இளம் போதகர் ஓடிவந்து அவர் முழங்கையைப் பிடித்தார்.

"ஐயா, இன்னைக்கு அது என் வேலை. மாப்பிள்ளை கீழ நிக்கணும்."

சபை குலுங்கியது. அப்பாவுக்குப் பெண் பார்த்து முடித்த மகள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

அசடு வழிய இறங்கி வந்தவரிடம் இளம் போதகர், "இவரை மனைவியாக ஏற்கச் சம்மதமா?" என்ற கேள்வியைக் கேட்டு முடித்தார். மாப்பிள்ளையோ பதிலை எதிர்பார்த்து, போதகர் பழக்கத்தில் மணப்பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணப்பெண் நரைத்த முடியை ஒதுக்கிக்கொண்டு அவர் பக்கம் சாய்ந்தார்.

"கேள்வி கேட்டே காலத்தை ஓட்டிட்டீங்க. இப்ப பதில் சொல்லுங்க, எனக்குக் கால் வலிக்குது."

"சம்மதம்" என்று அவர் சொன்னது, மைக் இல்லாமலே வாசல்வரை கேட்டது.