காது தெரிய ஒரு கிராப்பு

“இருந்த முடியையும் இன்னைக்குத்தானா வெட்டிட்டு வரணும்?”

கருவேப்பிலங்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து பாஞ்சாலை இதையேதான் கேட்டுக்கொண்டு வந்தாள். பெண் பார்க்கப் போகிற நாளில், காலையிலேயே சலூனுக்குப் போய்க் காதோர முடியை ஒட்ட வழித்துக்கொண்டு வந்து நிற்கிற மகனை அவள் என்னதான் செய்வாள்?

முடி போனது பெரிதில்லை. அதன் அடியில் ஒளிந்திருந்த இடது காது வெளியே வந்துவிட்டது. கபடியில் நசுங்கி, ரத்தம் கட்டி, அப்படியே இறுகிப்போய்ப் பிடி கொழுக்கட்டை மாதிரி திரண்டிருக்கும் காது. பாஞ்சாலைக்கு விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் கப்புக்குக் கைப்பிடி ஒட்டுகிற வேலை. கோணலாக ஒட்டியதைச் சூளைப் பக்கமே விடமாட்டாள். அப்படிப்பட்டவள் இந்தக் காதைக் கூட்டிக்கொண்டு நாலாவது வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

“மூணு எடம் இதாலதான் தட்டிப்போச்சு. தரகர் காட்டுன போட்டோவுல நீயே எடுத்துக் குடுத்த எடம்டா இது. இதுவும் போச்சுன்னா இனிமே நான் எங்கயும் வரமாட்டேன், சொல்லிட்டேன்.”

“இதாம்மா கடைசி,” என்றான் பிரேம்நாத். அவன் முகத்தில் கவலையே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பெண்ணின் அப்பா பூவராகவன் வாசல் வரை வந்து அழைத்துப் போனார். அவர் காட்டிய நாற்காலியை விட்டுவிட்டு, இடது காது சமையலறைப் பக்கம் தெரிகிற மாதிரி வேறொன்றில் போய் உட்கார்ந்தான் பிரேம்நாத். பாஞ்சாலை தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

பூவராகவனின் தங்கை ஆண்டாள் வந்ததும் பார்த்தது அந்தக் காதைத்தான்.

“தம்பி, பஸ்ஸுல எடம் கெடச்சுதா?” என்று அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

“கெடச்சுதுங்க. எனக்குக் காது நல்லா கேக்குங்க.”

ஆண்டாள் நம்பவில்லை. அவனுக்குப் பின்னால் போய் நின்று அண்ணனிடம் கிசுகிசுத்தாள். “காப்பியக் குடுத்து அனுப்பிடலாண்ணே. பொண்ணக் காட்ட வேணாம்.”

“அதுவும் கேட்டுதுங்க,” என்றான் பிரேம்நாத்.

பூவராகவனுக்குச் சங்கடமாகிவிட்டது. “தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. இது எப்படி ஆச்சு?”

“கபடிங்க. நாலு வருஷத்துக்கு முன்னால திட்டக்குடியில ஒரு கேம்ப்பு.”

கபடி என்றதும் அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த இடமும் போச்சு என்று நினைத்தாள் பாஞ்சாலை.

“ஆறு பேரு ஒண்ணா மேல விழுந்துட்டாங்களாங்க,” என்று முந்திக்கொண்டாள். “ஒருத்தரு ரெண்டு பேருன்னா எம்புள்ள மாட்டியிருக்கவே மாட்டான்.”

பிரேம்நாத் தரையைப் பார்த்தான்.

“அவங்க மேல கோவம் இருக்கத்தானே செய்யும்?” என்றார் பூவராகவன்.

“நாலு வருஷமா மறக்கவே முடியலீங்க. கண்ண மூடுனா அந்தப் புடிதான் ஞாபகத்துக்கு வருது. எந்த ஊருன்னு போன மாசந்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சதும் நேரா வூட்டுக்கே போயிடுறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.”

ஆண்டாள் இப்போது கிசுகிசுக்கவில்லை. “கேட்டியாண்ணே? நாலு வருஷமா வஞ்சம் வெச்சு, வூடு தேடிப் போற ஆளு. இவருக்கா நம்ம பொண்ணு?”

பாஞ்சாலைக்குக் கண்ணில் நீர் முட்டியது. பூவும் பழமும் கொண்டுவந்த பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். “வாடா, போலாம்.”

பிரேம்நாத்தும் எழுந்தான். “போயிடுறோங்க. பொண்ணு மட்டும் ஒரே ஒரு தடவ வந்து இந்தக் காதப் பாத்துடட்டும். பாத்துட்டு வேணாம்னா சரிங்க.”

பெண்ணை ஒரு தடவை காட்டச் சொல்கிற மாப்பிள்ளைகளைப் பூவராகவன் பார்த்திருக்கிறார். காதைக் காட்டியே தீருவேன் என்று நிற்கிறவனை இப்போதுதான் பார்க்கிறார். பாஞ்சாலையின் முகத்தைப் பார்க்கவும் அவருக்குப் பாவமாக இருந்தது.

“அனுசியா, காப்பி கொண்டாம்மா.”

அனுசியா வந்தாள். தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தவள் தலையைக் குனியவில்லை. இரண்டு எட்டு முன்னால் வந்து, பெண் பார்க்கும் இடத்தில் எந்தப் பெண்ணும் செய்யாத விதமாக, மாப்பிள்ளையின் காதை எட்டிப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. ஐயோ, அழுகிறாள் என்றுதான் பாஞ்சாலை நினைத்தாள்.

அனுசியா கையை எடுத்தபோது முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

“அன்னைக்கே ஐஸு வெக்கச் சொன்னேனே. நீங்க வெக்கவே இல்லியா?”

“வெச்சிருந்தா சரியாப் போயிருக்கும்,” என்றான் பிரேம்நாத். “அப்புறம் நான் யாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பூவராகவன் மகளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். “இவர ஒனக்கு எப்படிம்மா தெரியும்?”

அனுசியா நேராகப் பாஞ்சாலையிடம் போனாள். அவள் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“திட்டக்குடி கேம்ப்புல எங்க லேடீஸ் டீமுக்கு பிராக்டீஸ் குடுக்க இவரக் கபடி பாடி ரைடு வரச் சொன்னாங்க அத்த. ஆறு பேரெல்லாம் இல்ல, புடிச்சது நான் ஒருத்திதான்.”