ஒரு விரலுக்கும் சேதமில்லை

"கம்ப்ளெய்ண்ட் ஃபைலக் கொடுங்க சார்."

முதலாளி சபாபதியின் கையிலிருந்த காபி டம்ளர் பாதி வழியில் நின்றது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேனேஜர் ராமாமிர்தம் ரேகாவிடம் சொல்லியிருந்தார்: "இங்க எத வேணா கேளும்மா. சம்பளம் ஜாஸ்தி பண்ணுங்கன்னு கூடக் கேளு. அந்த ஃபைல மட்டும் மொதலாளிகிட்ட கேட்டுடாத."

கடலூர் முதுநகரில் மரம் இழைக்கும் மெஷின் செய்து விற்கும் கம்பெனி அது. 'வேங்கை மெஷின்' என்றால் கடலூர் முதல் சிதம்பரம் வரை தச்சுப் பட்டறை எதிலும் தெரியும். ரேகாவுக்கு விளம்பரம் எழுதும் வேலை. அவள் எழுதிய வரிதான் இப்போது சுவருக்குச் சுவர் நிற்கிறது: '1989 – 2009. இருபது வருடம். ஒரு விரலுக்கும் சேதமில்லை.'

"எதுக்கு இப்ப ஃபைலு?"

"காலைல சிதம்பரத்துலேருந்து பொன்னின்னு ஒருத்தவுங்க போன் பண்ணாங்க. அவுங்க வீட்டுக்காரரு கதிர்வேலுக்கு நம்ம மெஷின்ல மூணு வெரலு போயிடுச்சு. ஆஸ்பத்திரில கெடக்குறாரு. 'ஒரு வெரலுக்கும் சேதமில்லன்னு போட்டிருந்தத நம்பித்தானம்மா வாங்குனோம்'னு அழுவுறாங்க. அத எழுதுனதே நாந்தான்னு சொல்ல வாய் வரல சார் எனக்கு."

"குடிச்சிட்டுக் கைய வுட்டிருப்பான்."

"கத்திய மூடுற மூடியில ஸ்பிரிங்கு ஆறே மாசத்துல தளந்து போவுதுன்னு நம்ம ஃபிட்டரே சொல்றாரு."

"ஃபிட்டருக்கு ஸ்குரூ முடுக்கத்தான் சம்பளம். வாய் பேச இல்ல."

"இதுக்கு முன்னாடி எத்தன பேருக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியணும். தெரியாம நாளைக்குப் பேப்பர்ல வர்ற விளம்பரத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சபாபதி சிரித்தார். "குடிச்சிட்டு மெஷின்ல கை வெச்சா என்ன ஆவும்னு ஒனக்கா தெரியாது? பக்கிரி பொண்ணுதான நீ?"

ரேகாவுக்குச் சுருக்கென்றது. அவள் பத்தாவது படிக்கும்போது, காடாம்புலியூர் பட்டறையில் அவள் அப்பாவுக்கும் இதே வேங்கை மெஷினில் நான்கு விரல் போனது. வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் குடித்தாராம். தெருவெல்லாம் அவரே சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த ஒரு நாளை அவள் மன்னிக்கவே இல்லை. பட்டமளிப்பு விழாவுக்குக்கூட அம்மாவை மட்டும்தான் கூட்டிப் போனாள்.

"எங்கப்பா செஞ்சது அவரு தப்பு சார். அதுக்காக நான் என்னைக்கும் மெஷினக் கொற சொன்னதில்ல. குடிச்சவரு வெரலு மெஷின் கணக்குல வராதுன்னு நெனச்சுத்தான் அந்த வரியவே எழுதுனேன். கதிர்வேலு விஷயம் வேற."

"ஒரு வேறயும் இல்ல." டிராயரைத் திறந்து ஒரு பச்சை ஃபைலை மேசையில் வீசினார். "நல்லாப் பாத்துக்க. நான் ஒண்ணும் ஈவு எரக்கம் இல்லாதவன் கெடயாது. சாயங்காலம் ராமாமிர்தம் கார எடுத்துக்கிட்டுப் போயி கதிர்வேலுகிட்டயும் பேசி முடிச்சிடுவாரு. அவனுக்கும் பொண்ணு இருக்குதாம், பிளஸ் டூ. படிக்க வெச்சிடலாம்."

ஃபைலில் புகார் ஒன்றுகூட இல்லை. பதினோரு பத்திரத் தாள்கள். பதினொன்றிலும் ஒரே வாசகம்: 'நான் குடித்துவிட்டு மெஷினில் கை வைத்தேன். மெஷின் மேல் எந்தக் குறையும் இல்லை.' கீழே கைநாட்டு. அதற்கும் கீழே ஒரு வரி. சடையப்பன், மகனுக்குப் பெயிண்டிங் பிரிவில் வேலை. லூர்துசாமி, தம்பிக்கு வாட்ச்மேன் வேலை. அந்த மகனும் தம்பியும் தினமும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்.

"பதினோரு பேருமா சார் குடிச்சிட்டு வந்தாங்க?"

"வீட்டுக்கு ஒரு வேல. சுரங்கத்துக்கு நெலம் எடுத்தாக்கூட இந்தப் பக்கம் அதான வழக்கம்? காசு கொடுத்தா, தீந்ததும் வெளில வந்து பேசுவான். புள்ளைக்கு வேல கொடுத்துப் பாரு, சாவுற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டான்." காபியை ஒரே மடக்கில் குடித்து முடித்தார். "கடைசித் தாளயும் படிச்சிட்டு அப்புறம் பேசு."

அவள் புரட்டினாள்.

'பக்கிரி, காடாம்புலியூர். மகள் ரேகாவின் கல்லூரிச் செலவை டிரஸ்ட் பெயரில் கம்பெனி ஏற்கும். படிப்பு முடிந்ததும் ஆபீசில் வேலை.'

"உங்கப்பா டீயத் தவிர எதயும் தொடாத மனுசன்மா" என்றார் சபாபதி, வெகு சாதாரணமாக. "போ, போயி விளம்பரத்துல கையெழுத்தப் போடு."

ரேகா ஃபைலை மூடினாள், மேசையில் வைக்கவில்லை. ராமாமிர்தத்தின் கார் கிளம்ப இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. கதிர்வேல் கைநாட்டு வைப்பதற்குள் போய்விட வேண்டுமென்று, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் சிதம்பரம் பஸ்ஸுக்கு நடந்தாள்.