ஊருக்கு ஊர் கழன்ற செயின்

“இன்னைக்கும் செயின் கழண்டுடுச்சா?”

பாலத்தைத் தாண்டி இறங்கி நின்ற கணவரிடம், பின்னால் வந்து சேர்ந்த மனைவி கேட்டாள்.

“வாடகை சைக்கிள்தானே. அப்படித்தான் இருக்கும்” என்றார் மெக்கானிக், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஊரில் சின்னக் குழந்தைகூட அவரை மெக்கானிக் என்றுதான் கூப்பிடும். தலை நரைக்கும்வரை சைக்கிள் கடை நடத்தியவர். கழன்ற செயினைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷர், கடல் தாண்டி வந்த நாட்டில், ஆற்றங்கரை ஊர் ஒவ்வொன்றிலும் வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்தவன் கடைக்குப் போனால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? மனைவி சிரிக்கவில்லை.

“போயிட்டு வாங்க. நான் இந்த பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன்.”

செயினைக் கழற்றியதே அவர்தான். ஊர் கண்ணில் பட்டதும் வேகமாக மிதித்து முன்னால் போய், அவள் வருவதற்குள் காரியத்தை முடித்துவிடுவார்.

எல்லாம் பையனுக்காக. ஒரே பையன். கடையில் நாலு பேர் முன்னால், “நீ எதுக்கும் லாயக்கில்லை” என்று அவர் சொன்ன அன்றைக்கு வீட்டை விட்டுப் போனவன். இந்த ஆற்றங்கரையில் ஏதோ ஒரு ஊரில், ஒரு சைக்கிள் கடையில் அவனைப் பார்த்ததாக, சுற்றுலா போய்த் திரும்பிய பழைய வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார். எந்த ஊர் என்பதுதான் அவருக்கு நினைவில்லை.

மனைவியிடம் சொல்ல மெக்கானிக்குக்குத் துணிவில்லை. முன்பு இப்படித்தான் யாரோ சொன்னதை நம்பிப் போய், வெறுங்கையோடு திரும்பி, அவள் படுத்த படுக்கையாகிவிட்டாள். இன்னொரு ஏமாற்றத்தை அவள் தாங்க மாட்டாள். அதனால், “ஒரு தடவையாவது உன்னை எங்கேயாவது கூட்டிட்டுப் போகணும்” என்று சொல்லி இந்த சைக்கிள் சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்தார். அவளும் சரி என்றாள்.

முதல் ஊரிலேயே தொடை பிடித்துக்கொள்ள, அவர் அறையில் படுத்துவிட்டார். அவள் சைக்கிள் வேறு பஞ்சர். அவளே கடைக்குத் தள்ளிக்கொண்டு போய் ஒட்ட வைத்துக்கொண்டு வந்தாள். “கடையில யாரு இருந்தா?” என்று பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டார். “ஒரு கிழவர்” என்றாள். சரி, அந்த ஊர் இல்லை என்று விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அவள் அவசரமே படவில்லை. படகு போனால் நின்றாள். வாத்து நீந்தினால் நின்றாள். ஊருக்கு ஊர், “இன்னும் ஒரு நாள் இங்கயே இருப்போமே” என்றாள். பாவம், எங்கேயும் போகாதவள், ஆசை தீரப் பார்க்கட்டும் என்று அவரும் விட்டுக்கொடுத்தார்.

மெக்கானிக் இந்த ஊர்க் கடைக்குள் நுழைந்தார். மொழி தெரியாது. ஆனால் கழன்ற செயினைக் காட்டினால் எந்த நாட்டுக் கடைக்காரருக்கும் புரிந்துவிடும். இளம்பெண் ஒருத்தி வண்டியை வாங்கிக்கொண்டாள். அவர் கண்கள் சுவரோரம் நின்ற சைக்கிள்களின் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் துழாவின.

பையனுக்கு ஒரு பழக்கம். பஞ்சர் ஒட்டி முடித்ததும், காற்றடிக்கும் வால்வு ஆடிச் சத்தம் போடாமலிருக்க, அதன் அடியில் ரப்பர் துண்டு ஒன்றைச் செருகுவான். பழைய டியூபில் வெட்டியதுதான். ஆனால் வட்டமாக வெட்ட மாட்டான்; இதழ் இதழாகப் பூப்போல வெட்டுவான். “பஞ்சர் ஒட்டச் சொன்னா பூக்கடை வைக்கறியாடா?” என்று எத்தனையோ முறை திட்டியிருக்கிறார். இப்போது அந்தப் பூவைத்தான் ஊர் ஊராகத் தேடுகிறார்.

இங்கும் இல்லை. உள்ளறையை எட்டிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. இதுதான் கடைசி ஊர்.

திரும்பி வந்தபோது மனைவி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரியாயிடுச்சா?”

“ஆயிடுச்சு. வா, சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துட்டுக் கிளம்பலாம்.”

“இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போகலாமா?”

“போதும்மா” என்றார். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

வாடகை நிலையம் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. தன் வண்டியை நிறுத்திவிட்டு, அவள் வண்டியின் பின்சக்கரத்தை மறைத்துத் தொங்கிய பையில் கைவைத்தார்.

“இருங்க, நானே எடுத்துக்கறேன்” என்று அவள் வேகமாக வந்தாள். வழி நெடுக அந்தப் பையை அவள்தான் மாட்டினாள், அவள்தான் கழற்றினாள்.

அதற்குள் அவர் பையை எடுத்துவிட்டார்.

வால்வின் அடியில் கறுப்பாக ஒரு ரப்பர் பூ.

மெக்கானிக் அப்படியே தரையில் உட்கார்ந்தார். இதழ்களை விரலால் தடவினார். ஊரெல்லாம் அடுத்தவர் சக்கரத்தைப் பார்த்தவர், கூடவே வந்த சக்கரத்தைப் பார்க்கவில்லை.

“முதல் ஊர்லயா?”

அவள் தலையசைத்தாள்.

“கிழவர்னு சொன்னியே.”

“அப்பாவும் வந்திருக்காருன்னு சொன்னேன். எவ்வளவோ கெஞ்சினேன். பார்க்கவே மாட்டேன்னுட்டான்.”

“அப்போ நான் செயினைக் கழட்டினதெல்லாம்…”

“தெரியும்” என்றாள் அவள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து. “சொன்னா நீங்க தாங்க மாட்டீங்க. தேடிக்கிட்டே வந்தா, உங்களுக்கு இன்னும் ஒரு ஊராவது பாக்கி இருக்கும்ல.”