பீச்சாங்கை

"பீச்சாங்கையை நீட்டுறான்யா! இத்தனை வருஷம் அவன் சொன்னதையெல்லாம் செஞ்ச எனக்கு, அவன் ரிட்டயர் ஆகிப் போற அன்னிக்குப் பீச்சாங்கையை நீட்டுறான்!"

தொப்பியைக் கழற்றி மேசைமேல் அடித்தார் சிறைக் காவலர். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் சோப்பு.

"நீ கை குடுத்தியா?" என்றார் இன்னொரு காவலரான கட்டையன்.

"குடுப்பேனா? ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டேன். 'இது நீங்க அழுக்காக்கின கை, உங்களுக்கு வேண்டாம் ஐயா'ன்னு அத்தனை பேர் முன்னாடி மூஞ்சிக்கு நேரா சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"நக்கல் பண்றான். 'உங்க கை சுத்தம்தாம்பா'ன்னு சொல்லிட்டு, பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான்."

அவன் என்றது சிறைக் கண்காணிப்பாளரை. காவலர்களிடம் அவருக்கும் ஒரு பெயர் உண்டு: கதவு.

தூக்குப் போடும் நாளில் கைதியின் கழுத்தில் கயிறு ஏறியதும், பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே இருந்தபடியே சிவப்பு விளக்கைப் போடுவார். விளக்கு எரிந்ததும், வெளியே சுவரோரம் நிற்கும் மூன்று காவலர்கள் ஆளுக்கொரு பொத்தானை அமுக்க வேண்டும். கைதியின் காலடியில் பலகை திறக்கும்.

மூன்றில் ஒன்றுக்குத்தான் இணைப்பு. எது என்று காவலர்களுக்குத் தெரியாது. யார் மனசும் நோகக் கூடாது என்று அரசாங்கம் கண்டுபிடித்த தயவு அது.

"எய்தவன் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே இருப்பான். அம்பு நாம வெளியே நிக்கணும்" என்றார் சோப்பு. "பாவத்தை மூணு பங்கு போட்டுக் குடுத்துட்டு, தனக்கு ஒரு பங்கு வெச்சுக்கிட்டானா?"

சோப்பு எப்போதும் நடுப் பொத்தான். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் குழாயடியில் நின்று வலது கையைத் தேய்ப்பார். சோப்புதான் தேயும்.

வீட்டில் பேத்தி பிறந்திருக்கிறாள். இன்னும் ஒரு தடவைகூட அவளைத் தூக்கவில்லை. தொட்டிலை ஆட்டுவதும் கன்னத்தைத் தொடுவதும் இடது கையால்தான்.

"பச்சைப் புள்ளையைப் பீச்சாங்கையாலயா தொடுவாங்க?" என்று மனைவி திட்டுவாள்.

"எங்கிட்ட இருக்கிறதுல அதுதாண்டி நல்ல கை" என்பார்.

வயர்மேன் கருவிப் பையோடு வந்தான். "அண்ணே, பொத்தான் பெட்டியைக் கழட்டணும். கயிறு போயி ஊசி வருதாம். அதுதான் மனிதாபிமானமாம்."

"யாருக்குடா மனிதாபிமானம்?" சீறினார் சோப்பு. "சாகிறவன் எப்படியும் சாகத்தான் போறான். பார்க்கிறவனுக்கு அசிங்கமாத் தெரியக் கூடாது, அதுக்குத்தான் ஊசி. அந்த ஊசியை அமுக்கவும் எவனாவது ஒரு இளிச்சவாயன் விரலைக் குடுக்கணும்ல?"

"எங்கிட்ட ஏண்ணே பாயுறீங்க? நான் ஒயரைப் பிடுங்க வந்தவன்."

சோப்பின் குரல் இறங்கியது. "பெட்டியைத் திறந்ததும் ஒண்ணு மட்டும் சொல்லு தம்பி. எந்தப் பொத்தானுக்கு இணைப்பு இருக்கு?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"நடுவுல இல்லேன்னா, வீட்டுக்குப் போய் என் பேத்தியைத் தூக்குவேன்."

"நடுவுலதான்னா?"

"முதல்ல மூடியைக் கழட்டு" என்றார் சோப்பு.

"எனக்குத் தெரிய வேண்டாம்பா" என்று கட்டையன் வெளியே கிளம்பினார். போனவர் வாசலைத் தாண்டவில்லை.

வயர்மேன் சுவரிலிருந்த பெட்டியின் மூடியைக் கழற்றினான். விளக்கடித்துப் பார்த்தான். விரலை விட்டுத் துழாவினான்.

"என்னண்ணே கூத்து இது?"

"எதுடா? நடுவா?"

"எதுவுமே இல்லை. மூணுக்கும் பின்னால ஒரு ஒயர்கூட இல்லை. வெறும் பொத்தான்."

"பொய் சொல்லாதே! பலகை திறந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"திறந்திருக்கும். நீங்க திறக்கலை."

வரைபடத்தை விரித்தான். "இதுல இங்கேதான் இணைப்புன்னு போட்டிருக்கு. யாரோ அப்புறமா மாத்தியிருக்காங்க. பலகையிலேருந்து வர்ற ஒயர் சுவருக்குள்ளேயே அந்தப் பக்கம் போகுது."

அந்தப் பக்கம் என்றால் கதவின் அறை.

மூன்று பேரும் போனார்கள். ஒரு மேசை, ஒரு நாற்காலி. மேசைமேல் இடப்பக்கம் சிவப்பு விளக்கின் சுவிட்ச். வயர்மேன் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தான். அங்கே இன்னொரு பொத்தான் இருந்தது.

"இதுதாண்ணே" என்றான்.

கட்டையன் சுவரில் சாய்ந்துகொண்டார்.

சோப்பு கத்தினார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்? இத்தனை வருஷம் கையை வெட்டிப் போடலாம்னு இருந்தேனே!"

"சொல்லியிருந்தா நம்ம வாய் சும்மா இருந்திருக்குமா?" என்றார் கட்டையன். "மேல வரைக்கும் போயிருக்கும். அவரை வீட்டுக்கு அனுப்பிட்டு, ஒயரைத் திரும்ப நம்மகிட்டயே கொண்டுவந்திருப்பாங்க."

சோப்பு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இடது கையை விளக்கின் சுவிட்சில் வைத்தார். இன்னொரு கையை மேசைக்கு அடியில் விட்டுப் பார்த்தார்.

தேட வேண்டியிருக்கவில்லை. வலது கை போய் நின்ற இடத்திலேயே பொத்தான் இருந்தது.