அணைந்த மஞ்சள் விளக்கு

பழைய சொகுசு எஸ்யூவியின் புகைக்குழாய் சென்சாரைக் கழற்றி, புளி போட்டுத் தேய்த்தான் குணசீலன். குத்துவிளக்காக இருந்தால் மின்னியிருக்கும். சென்சார் செத்தே போனது.

“அது புகையை மோந்து பாத்து இன்ஜினுக்குச் சொல்ற மூக்கு சார். மூக்கைப் போய் யாராவது தேய்ப்பாங்களா?” என்றார் மெக்கானிக்.

புதிய மூக்கு வைத்ததும், டேஷ்போர்டில் மாதக்கணக்காக எரிந்த மஞ்சள் விளக்கு அணைந்தது. “அந்தச் சனியன் அணையட்டும், வர்றேன்” என்று சொல்லிவிட்டுத்தான் மனைவி கோமளா தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். நேரே அங்கே ஓட்டிப்போய், அவள் உட்காரும் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான்.

கோமளா குனிந்து பார்த்தாள். விளக்கு இருந்த இடத்தை விரலால் தொட்டாள்.

“அணைஞ்சிருச்சுல்ல? ஏறு.”

“லைட்டு ஒரு சாக்குங்க. அது எரிஞ்சாலும் அணைஞ்சாலும் நான் வரப்போறதில்ல.”